மின்சைக்கிளில் டிஸ்ப்ளே மவுண்ட் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகம், பேட்டரி அளவு, மோட்டாரின் உதவி நிலை எல்லாவற்றையும் காட்டும் டிஸ்ப்ளேயை ஹேண்டில்பாரில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டுதான். அது உடைந்தால் வண்டியே முடங்கிப்போனது போலத் தோன்றும். உண்மையில் மின்சைக்கிளில் நாமே சரிசெய்யக்கூடிய பாகங்களில் இது எளிதானது. ஆனால் அவசரப்பட்டால் மவுண்டை விடப் பல மடங்கு விலையுள்ள டிஸ்ப்ளேயும் கேபிளும் கூடவே போய்விடும். அதனால் கீழே உள்ள பதில்களில் மவுண்டைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கேபிளைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.

மவுண்ட் உடைந்துவிட்டது, டிஸ்ப்ளே வேலை செய்கிறது. அப்படியே ஓட்டலாமா?

டிஸ்ப்ளே கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தால் ஓட்டாதீர்கள். அந்தக் கேபிளுக்குள் இருப்பவை மிக மெல்லிய செம்புக் கம்பிகள். எடை தாங்குவது அவற்றின் வேலை இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிஸ்ப்ளேக்குள் கேபிள் நுழையும் இடம் மடங்கி நிமிரும், கடைசியில் உள்ளே அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: தொங்கும் டிஸ்ப்ளே முன்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டால் ஓட்டுபவர் விழுவார்.

விரிசல் மட்டும் விட்டிருக்கிறது, டிஸ்ப்ளே ஆடாமல் நிற்கிறது என்றால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வழியில் உடைந்தால் உடனடியாக என்ன செய்வது?

ஜிப் டை இரண்டு இருந்தால் போதும். டிஸ்ப்ளேயின் பின்பக்கத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் பழைய ட்யூப் துண்டையோ மடித்த துணியையோ வைத்து, குறுக்காக இரண்டு ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். ரப்பர் வைத்தால் நழுவாது, கீறலும் விழாது. கட்டு பட்டன்மேல் ஏறக்கூடாது. பட்டன் அழுந்தியபடியே இருந்தால் சில வண்டிகளில் நடை உதவி இயங்கத் தொடங்கிவிடும், அதாவது நீங்கள் மிதிக்காமலே மோட்டார் ஓடும். கட்டியபின் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுபட்டால் கட்டை மாற்றிப் போடுங்கள்.

எதுவுமே கையில் இல்லையென்றால் முதலில் பேட்டரியைச் சட்டகத்திலிருந்து எடுத்துவிட்டு, டிஸ்ப்ளேயைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண சைக்கிளாக மிதித்துப் போகலாம். கழன்று நிற்கும் கனெக்டர் முனையில் ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றிவிடுங்கள், மழையோ தூசியோ உள்ளே போகக்கூடாது.

வேலை தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றத்தான் வேண்டுமா?

ஆமாம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த பல வண்டிகளில் டிஸ்ப்ளேக்குப் போகும் ஐந்து கம்பிகளில் ஒன்றில் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் வருகிறது. 36 வோல்ட் பேட்டரி என்றால் முழு சார்ஜில் 42 வோல்ட், 48 வோல்ட் என்றால் 54.6 வோல்ட். அதே கனெக்டருக்குள் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, டிஸ்ப்ளேயும் கண்ட்ரோலரும் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) பேசிக்கொள்ளும் சிக்னல் கம்பிகள் இருக்கின்றன. அவை 5 வோல்ட் அளவில் ஓடுபவை. கனெக்டரைக் கோணலாக இழுக்கும்போது இரண்டும் ஒரு நொடி தொட்டாலே டிஸ்ப்ளே போகலாம், கண்ட்ரோலரும் போகலாம்.

டிஸ்ப்ளேயில் ஆஃப் செய்வது போதாது. பேட்டரியைச் சட்டகத்திலிருந்து வெளியே எடுங்கள். அதன்பின் ஒரு நிமிடம் பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும்.

எது உடைந்தது என்று எப்படிப் பார்ப்பது?

டிஸ்ப்ளேயைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் மவுண்டைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பொதுவாக நான்கு இடங்களில் ஒன்றில்தான் சேதம் இருக்கும். முதலாவது, ஹேண்டில்பாரைச் சுற்றும் பட்டையில் போல்ட் நுழையும் காது. அதிகமாக உடைவது இதுதான். இரண்டாவது, பட்டையின் நடு வளைவு. மூன்றாவது, பட்டையையும் டிஸ்ப்ளேயையும் இணைக்கும் கை. நான்காவதுதான் கவலைக்குரியது: டிஸ்ப்ளேயின் சொந்தக் கூட்டிலேயே மவுண்டை முடுக்கும் ஸ்க்ரூ இறங்கும் குழாய் போன்ற பகுதி.

உடைந்த முகம் என்ன சொல்கிறது என்றும் கவனியுங்கள். முழுக்கப் புதிதாக, ஒரே நிறமாக இருந்தால் ஒரே அடியில் உடைந்திருக்கிறது. ஒரு பகுதி அழுக்கேறி, மீதி மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த விரிசல் பல நாளாகவே வளர்ந்து வந்திருக்கிறது. அப்படியானால் காரணத்தை அகற்றாமல் புதிது மாட்டினால் அதுவும் அதே இடத்தில் போகும்.

ஏன் உடைகிறது? நான் வண்டியைக் கீழே போடவே இல்லையே.

விழுந்து உடைவதைவிட இறுக்கி உடைவதுதான் அதிகம். டிஸ்ப்ளே லேசாகத் திரும்புகிறது என்று ஒரு சுற்று இறுக்குவோம், மறுபடி திரும்பும், மறுபடி இறுக்குவோம். பிளாஸ்டிக் அந்த இழுவிசையை நாள்முழுக்கத் தாங்கிக்கொண்டே இருந்து, வெயிலில் வறண்டு, ஒரு குளிர்ந்த காலையில் படாரென்று விடும்.

அடுத்த காரணம் பலருடைய கண்ணில் படுவதில்லை. இப்போதைய ஹேண்டில்பார்கள் பல, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பவை: ஹேண்டில்பாரை நடுவில் கவ்வும் ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் 31.8 மி.மீ., கைப்பிடி வரும் இடத்தில் 22.2 மி.மீ. இடையில் சரிவாக மெலியும் பகுதி ஒன்று உண்டு. அந்தச் சரிவின்மேல் மவுண்டை மாட்டினால் பட்டையின் ஒரு ஓரம் மட்டும்தான் குழாயைத் தொடும். மொத்த விசையும் அந்த ஓரத்தில் விழும், காது முறுக்கிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தும் மவுண்ட் திரும்பத் திரும்ப உடைகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, பஞ்சர் போட வண்டியைத் தலைகீழாக நிறுத்துவது. பல வண்டிகளில் கைப்பிடிகளைவிட டிஸ்ப்ளே உயரமாக நிற்கிறது. தலைகீழாக்கினால் கனமான மின்சைக்கிளின் முன்பாரம் நேராக அதன்மேல்தான் இறங்கும். நின்ற நிலையிலேயே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை வெளியே எடுத்துப் பஞ்சர் போடப் பழகுங்கள். தலைகீழாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கைப்பிடிக்கும் கீழே கட்டை கொடுத்து, டிஸ்ப்ளே தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டைத் தளர்த்தாமல் டிஸ்ப்ளேயைக் கையால் நெம்பிச் சாய்ப்பதும் இதே கணக்கில் சேரும்.

உடைந்த காதைப் பசை போட்டு ஒட்டினால் நிற்குமா?

நிற்காது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே புரிந்துவிடும். எம்4 (4 மி.மீ. மரை) போல்ட்டை 1 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்குவது விரல்நுனி வேலைதான். ஆனால் அதற்கே போல்ட்டில் ஏற்படும் இழுவிசை 1000 நியூட்டனைத் தாண்டுகிறது, அதாவது நூறு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த இழுவிசையை நகத்தளவு ஒட்டுப்பரப்பு தாங்க வேண்டும், அதுவும் நாள் முழுக்க, வெயிலிலும் குலுக்கலிலும். எந்தப் பசையாக இருந்தாலும் அந்த இடத்தில் பிரியும்.

ஆகவே என் வழி இதுதான்: போல்ட்டின் இழுவிசை ஒட்டின் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் ஒட்டாதீர்கள், பாகத்தை மாற்றுங்கள். இணைக்கும் கை, மூடி, டிஸ்ப்ளேயின் ஓரம் போன்று டிஸ்ப்ளேயின் எடையை மட்டும் தாங்கும் இடம் என்றால் ஒட்டலாம், நன்றாகவே நிற்கும்.

சரி, ஒட்டக்கூடிய இடம்தான். எந்தப் பசை?

அது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. மவுண்டின் உட்பக்கத்தில் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவில் சின்ன எழுத்துகள் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஏ.பி.எஸ்., பி.சி., பி.ஏ. என்று இருக்கும். பி.ஏ. என்றால் நைலான். அதனுடன் ஜி.எஃப்.30 என்று சேர்ந்திருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான். எழுத்தே இல்லையென்றால் கண்ணில் படாத ஒரு மூலையில் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ். வெளிறி நுண்விரிசல் விட்டால் பி.சி., அதாவது பாலிகார்பனேட். ஒன்றும் ஆகவில்லையென்றால் பெரும்பாலும் நைலான். இந்தச் சோதனையை மவுண்டில் மட்டும் செய்யுங்கள், டிஸ்ப்ளேயின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே அசிட்டோனைக் கொண்டு போகாதீர்கள்.

ஏ.பி.எஸ். என்றால் அதிர்ஷ்டம். அதே பிளாஸ்டிக்கின் சீவலை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி இரண்டு முகத்திலும் பூசி அழுத்திப் பிடித்தால் அது ஒட்டுவதில்லை, ஒன்றாகவே உருகிச் சேர்கிறது. ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள்.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு பாகங்களைக் கலக்கும் எபாக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வகை வலுவாக நிற்கும். ஒட்டும் முகங்களை 120 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பின் பூசுங்கள். இந்தத் தேய்ப்பைத் தவிர்ப்பவர்கள்தான் எபாக்சி ஒட்டவில்லை என்று சொல்கிறார்கள்.

நைலானில் எந்தப் பசையும் அரைமனதாகத்தான் பிடிக்கும். அதற்கு ஒட்டைவிடக் கட்டுதான் துணை: துண்டுகளைச் சேர்த்து எபாக்சி தோய்த்த கண்ணாடி இழைத் துணியையோ கனத்த நூலையோ இறுக்கமாகச் சுற்றி உலர விட்டால் ஓரளவு நிற்கும். மெல்லிய துருப்பிடிக்காத கம்பியைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கித் தையல் போல இரண்டு பக்கமும் பதிக்கும் முறையும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

சூப்பர் க்ளூ? துண்டுகளை இடத்தில் பிடித்து வைக்க உதவும். ஆனால் இறுகியபின் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை அதற்கு, குலுக்கல் உள்ள இடத்துக்கு அது மட்டும் போதாது.

சின்ன விரிசல்தான். வளராமல் நிறுத்த முடியுமா?

விரிசலின் கடைசி முனையைக் கண்டுபிடித்து, அங்கே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அளவில் ஒரு துளை போடுங்கள். கூர்மையான முனையில்தான் விசை குவிகிறது, துளையின் வட்டத்தில் அது பரவிவிடும். அதன்பின் விரிசலுக்குள் எபாக்சி இறக்கி, பட்டைக்கு மேல் ஒரு ஜிப் டை போட்டுவிடுங்கள். புதிய மவுண்ட் வந்து சேரும்வரை காலம் தள்ள இது போதும்.

மவுண்ட் நன்றாக இருக்கிறது, மரைதான் போய்விட்டது. என்ன வழி?

பிளாஸ்டிக்கிலேயே நேராக மரை வெட்டியிருந்தால், துளையை மறுபக்கம்வரை கொண்டுபோய் நீளமான போல்ட்டும் நைலாக் நட்டும் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. நைலாக் நட்டுக்குள் ஒரு நைலான் வளையம் இருப்பதால் குலுக்கலில் கழலாது. இரண்டு பக்கமும் வாஷர் வைத்தால் பிளாஸ்டிக்கில் விசை பரவலாக விழும்.

மறுபக்கம் போக இடமில்லையென்றால் சூடாக்கிப் பதிக்கும் பித்தளை மரைக்குழல். சால்டரிங் அயர்ன் முனையில் வைத்து மெதுவாக, நேராக இறக்க வேண்டும். குழலைச் சுற்றிக் குறைந்தது இரண்டு மி.மீ. பிளாஸ்டிக் சுவராவது மிச்சம் இருக்கட்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும்.

சில மவுண்டுகளில் அறுகோணக் குழிக்குள் ஒரு நட் உட்கார்ந்திருக்கும். குழி தேய்ந்து நட்டும் சேர்ந்து சுற்றினால் அதைச் சுற்றிச் சிறிது எபாக்சி வைத்து உலர விடுங்கள். மரைக்குள் எபாக்சி போய்விடாமல் இருக்க போல்ட்டில் முன்கூட்டியே கொஞ்சம் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளேயின் பின்பக்கத்தில் ஸ்க்ரூ இறங்கும் இடமே பெயர்ந்துவிட்டது. டிஸ்ப்ளே போச்சா?

டிஸ்ப்ளே எரிகிறது என்றால் போகவில்லை. இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் தேவை.

முதலாவது நீர். கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் மழைநீர் உள்ளே போகும். ஓட்டையை முதலில் எபாக்சியாலோ, புளிப்பு வாடை வராத சிலிகானாலோ அடைத்துவிடுங்கள். வினிகர் போல நெடியடிக்கும் சிலிகான் இறுகும்போது வெளியிடும் அமிலம் உள்ளே இருக்கும் செம்பு இணைப்புகளை அரிக்கும்.

இரண்டாவது ஸ்க்ரூவின் நீளம். தொலைந்துபோன ஸ்க்ரூவுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கினால், இரண்டு மி.மீ. நீளம் கூடினாலும் அது கூட்டைத் துளைத்துச் சர்க்யூட் போர்டில் போய் முட்டலாம். பழைய ஸ்க்ரூவை அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள். அது இல்லையென்றால் துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்து, மவுண்டின் தடிமனையும் சேர்த்து, அதைவிட ஒரு மி.மீ. குறைவாகத் தேர்ந்தெடுங்கள்.

பெயர்ந்த பகுதியை மறுபடி ஸ்க்ரூவுக்காகக் கட்டி எழுப்புவதைவிட, டிஸ்ப்ளேயின் முதுகில் ஒரு தட்டையான தகட்டை எபாக்சியால் ஒட்டி, அந்தத் தகட்டின் ஓரத்தை மவுண்டில் முடுக்குவது நல்லது. ஒட்டுப்பரப்பு பெரிதாகிறது, இழுவிசை கூட்டுக்குள் இறங்குவதில்லை.

புதிய மவுண்ட் வாங்கும்போது எதை அளக்க வேண்டும்?

ஹேண்டில்பாரின் விட்டத்தை, மவுண்ட் உட்காரப்போகும் அதே இடத்தில் அளக்கவும். வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிக் குறித்து, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். கிடைக்கும் எண் 22.2, 25.4, 31.8, 35 ஆகியவற்றில் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும்.

அப்புறம் டிஸ்ப்ளேயின் முதுகில் உள்ள துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குக்கூட இது மாறும், அதனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிஸ்ப்ளேயின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

கழற்றி மாட்டக்கூடிய டிஸ்ப்ளே என்றால் விஷயம் வேறு. அதில் மவுண்டிலேயே மின்தொடர்புப் பின்களும் கேபிளும் சேர்ந்திருக்கும், ஆகவே மவுண்டை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். கேபிள் மோட்டார்வரை சட்டகத்துக்குள் போகும் வண்டிகளில் இந்த வேலையைப் பணிமனையில் கொடுப்பதே சரி.

மவுண்ட் பெரிதாக இருக்கிறது. நடுவில் ஏதாவது வைத்து நிரப்பலாமா?

தாராளமாக. 31.8 மவுண்டை 25.4 குழாயில் மாட்ட, சுற்றிலும் 3.2 மி.மீ. தடிமன் வேண்டும். 25.4 மவுண்டை 22.2 குழாயில் மாட்ட 1.6 மி.மீ. போதும். பல மவுண்டுகளோடு இதற்கான ரப்பர் வளையங்கள் வருகின்றன. இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் பட்டையை அளவாக வெட்டிச் சுற்றி, அதன்மேல் ஒரே ஒரு சுற்று ட்யூப் ரப்பர் போடுங்கள். முழுக்க ரப்பராலேயே நிரப்பினால் அது அழுந்திக்கொண்டே போகும், நாமும் இறுக்கிக்கொண்டே போவோம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் டிஸ்ப்ளேயின் கையேட்டில் எண் இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. பிளாஸ்டிக் பட்டைகளுக்கு அது பெரும்பாலும் 1 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் பெரிய டார்க் ரெஞ்ச் இந்தச் சின்ன அளவில் சரியாகச் சொல்லாது, இதற்கென்று சிறிய வகை வேண்டும்.

அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஆலன் கீயின் நீண்ட கையைப் போல்ட்டில் செருகி, குட்டைக் கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்துத் திருப்புங்கள். நெம்புகோல் குட்டையாக இருப்பதால் விரல் அதற்குமேல் போக விடாது. சாதாரண உருளைத்தலை எம்4 போல்ட்டுக்கு 3 மி.மீ. கீ, எம்3 என்றால் 2.5 மி.மீ. கீ. குழியில் ஆடும் கீயை வைத்துத் திருப்பினால் தலை தேய்ந்துவிடும்.

இரண்டு போல்ட் உள்ள பட்டையில் ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றி, பாதிச் சுற்றாக. இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கையால் மிதமாக அழுத்தினால் டிஸ்ப்ளே திரும்பக்கூடாது, பலமாக அடித்தால் திரும்ப வேண்டும். இதுதான் சரியான இறுக்கம். விழும்போது மவுண்ட் சுழன்று கொடுத்தால் டிஸ்ப்ளே தப்பிக்கும்.

போல்ட் கழலாமல் இருக்க திரெட்லாக்கர் (மரையில் பூசும் பசை) போடலாமா?

பிளாஸ்டிக் மவுண்டில் வேண்டாம். உலோக மரைகளுக்காகச் செய்யப்படும் வழக்கமான நீலம், சிவப்பு வகைகள் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டிலும் படும்போது, ஏற்கனவே இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். நன்றாக மாட்டிய மவுண்ட் சில நாளில் தானாகவே பிளந்துகொள்வதற்கு இது ஒரு காரணம். இறுகிப்போன போல்ட்டில் அடிக்கும் துரு நீக்கி எண்ணெய், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே ஆகியவற்றையும் இங்கே பயன்படுத்தாதீர்கள். கழலும் பிரச்சினைக்கு நைலாக் நட்டே போதும்.

கனெக்டரை எப்படிப் பத்திரமாகக் கழற்றுவது?

மின்சைக்கிளில் பரவலாகப் பயன்படும் நீர்புகா வட்டக் கனெக்டரின் இரண்டு பாதியிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். இரண்டு பாதியின் தடித்த பகுதியையும் பிடித்து நேராக இழுங்கள். முறுக்கவே கூடாது, கேபிளைப் பிடித்தும் இழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பின்கள் அவ்வளவு மெல்லியவை, ஒரு சின்ன முறுக்கில் சாய்ந்துவிடும். சாய்ந்த பின்னை ஒருமுறை முள்வாங்கியால் நிமிர்த்தலாம், இரண்டாவது முறை நிமிர்த்தும்போது ஒடியும்.

மாட்டும்போது அம்புக்குறிகளை நேர்கோட்டில் வைத்து அழுத்துங்கள். உள்ளே சிக்கும் காற்று சிறிது எதிர்க்கும். இடைவெளி முழுவதும் மூடும்வரை தள்ளுங்கள்.

மாட்டி முடித்தேன். இப்போது டிஸ்ப்ளே எரியவில்லை, அல்லது பிழை எண் காட்டுகிறது.

பயப்படாமல் பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு கனெக்டரைப் பாருங்கள். முழுக்க உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். பஃபாங் மோட்டார் வண்டிகளில் 30 என்ற எண் வந்தால் டிஸ்ப்ளேக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே பேச்சு அறுந்திருக்கிறது என்று பொருள், அதுவும் பெரும்பாலும் இந்தக் கனெக்டரில்தான் முடியும்.

பின்கள் நேராக இருந்தும் எரியவில்லையென்றால், டிஸ்ப்ளேக்குள் கேபிள் நுழையும் இடத்தைப் பிடித்து மெல்ல அசைத்தபடி ஆன் செய்து பாருங்கள். ஒரு கோணத்தில் எரிந்து இன்னொரு கோணத்தில் அணைந்தால் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. அந்த நிலையில் ஓட்டாதீர்கள். கழற்றி மாட்டும் வகையில் தொடர்புப் பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம்.

த்ரீடி பிரிண்டரில் மவுண்ட் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், நன்றாகவும் வரும். முக்கியம் இரண்டே: எந்தப் பிளாஸ்டிக், எந்தத் திசையில் அச்சிடுகிறோம்.

பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் கறுப்பு மவுண்டுக்கு, அதுவும் மூடிய காருக்குள் கிடக்கும்போது, அந்தச் சூடு எட்டாத ஒன்றில்லை. பட்டை தளர்ந்து டிஸ்ப்ளே சாய்ந்துவிடும். பி.ஈ.டி.ஜி. 80 டிகிரி வரை தாங்கும். ஏ.எஸ்.ஏ. 100 டிகிரியை ஒட்டித் தாங்கும், புற ஊதாக் கதிரையும் எதிர்க்கும். அச்சிட வசதி இருந்தால் நான் ஏ.எஸ்.ஏ.வைத்தான் எடுப்பேன்.

திசை இன்னும் முக்கியம். அச்சிட்ட பொருள் அடுக்குகளுக்கு நடுவில்தான் பிரியும். ஹேண்டில்பார் நுழையும் துளை அச்சுத் தட்டின்மேல் நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்து அச்சிட்டால், ஒவ்வொரு அடுக்கும் குழாயைச் சுற்றும் முழு வளையமாக அமையும். இறுக்கும் விசை வளையத்தின் வழியே ஓடும், அடுக்குகளைப் பிரிக்காது. படுக்கை வசமாக அச்சிட்டால் முதல் இறுக்கிலேயே அடுக்கு வாய் பிளக்கும். வெளிச்சுவர் நான்கைந்து வரி தடிமன் இருக்கட்டும். துளையை உண்மை அளவைவிடக் கால் மில்லிமீட்டர் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள்.

உலோகத்தில் செய்துவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை தீருமே?

மவுண்ட் உடையாது, உண்மைதான். ஆனால் அடி விழும்போது ஏதாவது ஒன்று கொடுக்கத்தான் வேண்டும். மவுண்ட் கொடுக்கவில்லையென்றால் டிஸ்ப்ளேயின் கூடு உடையும், அல்லது ஓட்டுபவரின் முழங்காலோ நெஞ்சோ அதில் போய் மோதும். அலுமினியம் மவுண்ட் போடுவதில் தவறில்லை, ஆனால் ரப்பர் உள்சுற்றோடு, அடித்தால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள்.

கார்பன் ஹேண்டில்பாரில் ஏதாவது வேறுபாடு உண்டா?

உண்டு. கூர்மையான விளிம்புள்ள பட்டையும், ஸ்க்ரூவால் இறுக்கும் உலோகக் குழாய்ப் பட்டையும் கார்பனில் கூடவே கூடாது. மேலே ஒரு கீறல்போலத் தெரிவது உள்ளே இழை அறுந்த இடமாக இருக்கலாம், அந்த ஹேண்டில்பார் முன்னறிவிப்பின்றி ஒடியும். ரப்பர் உள்சுற்று உள்ள மவுண்டை, தயாரிப்பாளர் துணைக்கருவி மாட்ட அனுமதித்த பகுதியில் மட்டும் மாட்டுங்கள். பழைய மவுண்ட் இருந்த இடத்தில் பள்ளமோ வெள்ளைக்கோடோ தெரிந்தால் மவுண்டை விட்டுவிட்டு ஹேண்டில்பாரைக் காட்டிப் பரிசோதியுங்கள். வண்டி பலமாக விழுந்து மவுண்ட் உடைந்திருந்தால் அலுமினியம் ஹேண்டில்பாரையும் ஒருமுறை நேராகப் பார்த்து வளைவு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

வாரண்டி இருக்கும்போது நானே கை வைக்கலாமா?

மவுண்டை மட்டும் மாற்றுவது, போல்ட் மாற்றுவது பொதுவாகப் பிரச்சினை தராது. டிஸ்ப்ளேயின் கூட்டைத் திறப்பதும், துளை போடுவதும், தகடு ஒட்டுவதும் வேறு. வாரண்டி மிச்சம் இருந்தால் அவற்றுக்கு முன் விற்றவரிடம் கேளுங்கள், உடைந்த நிலையைப் படமும் எடுத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் எதைச் சரிபார்த்துவிட்டு ஓட்டலாம்?

ஹேண்டில்பாரை இரண்டு ஓரத்துக்கும் திருப்புங்கள், கேபிள் எங்கும் விறைக்கக்கூடாது. பிரேக் லீவர்களை முழுக்க அழுத்துங்கள், டிஸ்ப்ளேயிலோ மவுண்டிலோ இடிக்கக்கூடாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் நிற்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் பல வண்டிகளில் பிரேக்கிலிருந்து வரும் சிக்னல் கம்பியும் டிஸ்ப்ளே கம்பியோடு ஒரே கட்டில்தான் வருகிறது, வேலையின்போது அது கழன்றிருக்கலாம். டிஸ்ப்ளேக்குள் நுழையுமுன் கேபிள் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முதல் சவாரி முடிந்ததும் போல்ட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புதிய ரப்பர் அழுந்தி, கால் சுற்று இறுக்க இடம் கொடுத்திருக்கும். அதோடு சரி, அதற்குப்பின் அதைத் தொட வேண்டியதில்லை.